கழலைப் பாகுபாட்டின் வரலாறு: ஒரு நோக்கு

மருத்துவத்துக்குரிய பொருளொன்றைக் கலைப்பீட மாணவனொருவன் எடுத்தாள்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எனினும் பொருள்களை வகுத்தலும் அவற்றுக்குப் பெயரிடுதலும் எத்துறையில் நிகழினும் வரலாற்று மாணவனின் கவனத்துக்கு உரியனவே. கல்வெட்டுகளை எழுத்தமைதி கொண்டு காலம் பிரிப்பவனும் கழலைகளை இழையம் கொண்டு இனம் பிரிப்பவனும் ஒரே இடர்ப்பாட்டையே எதிர்நோக்குகின்றனர். முன்னிருக்கும் பொருள் தாம் வகுத்த எந்த அறையிலும் அடங்காதபோது, குறை பொருளில் உள்ளதா அறையில் உள்ளதா என்பதே அவ்விடர்ப்பாடு. கல்வெட்டைப் பிழையாக வகுத்தால் ஓர் அரசனின் காலம் சில ஆண்டுகள் முன்பின்னாகும். கழலையைப் பிழையாக வகுத்தால் ஓர் உயிர் போகும், அல்லது வெட்டத் தேவையில்லாத உறுப்பொன்று வெட்டப்படும். மனிதன் இப்பாகுபாட்டை எவ்வாறு அமைத்தான், எங்கே தான் அமைத்த பாகுபாட்டாலேயே கண்மறைக்கப்பட்டான் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலின் கட்டுப்பாட்டுக்கு அடங்காது இழையமொன்று தானே பெருகுவதால் உண்டாகும் புதுவளர்ச்சியைக் கழலை என்று இங்கு வழங்குகிறோம். கழலைகளுள் தீங்கற்றனவும் உள; கொடியனவும் உள. கொடியவற்றையே பொதுவழக்கிற் புற்றுநோய் என்கிறோம். கறையான் புற்றைப் போல மேடிட்டு உள்ளே அரித்துச் செல்வதால் தமிழர் இப்பெயரை வழங்கினர் போலும். பண்டைக் கிரேக்கர் கண்ட உவமை வேறு. அவர்கள் இதனை நண்டு என்றனர். மார்பகக் கழலையைச் சுற்றிப் பருத்த நாளங்கள் நண்டின் கால்களைப் போலப் பரந்து கிடப்பதே அப்பெயருக்குக் காரணம் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கலென் என்னும் மருத்துவர் விளக்கினார். நண்டாயினும் புற்றாயினும் இரண்டும் வெளித்தோற்றத்தைக் கண்டு இட்ட பெயர்களே. உள்ளே இருப்பதை அறியக் கருவியில்லாத காலத்தில் வேறு வழியும் இருந்ததில்லை.

கலென் வீக்கங்களை மூன்றாக வகுத்தார். பருவமெய்தும் பெண்ணின் மார்பும் கருவுற்ற வயிறும் பெருப்பது இயற்கையோடு இயைந்த வீக்கம். முறிந்த எலும்பு பொருந்துமிடத்தில் திரளும் தடிப்பு இயற்கையின் அளவைக் கடந்த வீக்கம். ஏனையவை இயற்கைக்கு மாறான வீக்கங்கள். புற்றுநோயோடு சீழ்க்கட்டியும் நீர்க்கோவையும் இம்மூன்றாம் வகுப்பிலேயே அடங்கின. கழலை தோன்றுவதற்குக் காரணம் கரும்பித்தம் ஓரிடத்தில் தேங்குதலே என்பது கலெனின் கொள்கை. இக்கொள்கையை இன்று நகைத்துத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அது ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக மருத்துவனின் கையை வழிநடத்தியது என்பதை மறந்துவிடலாகாது. நோய் உடல் முழுதும் ஓடும் நீர்மத்தில் இருக்குமாயின் கட்டியை வெட்டி எறிவதால் பயனில்லை. ஆதலால் பேதி கொடுத்தனர், குருதி வடித்தனர், உணவை ஒழுங்குபடுத்தினர். மறைவான புற்றுக்கு மருத்துவம் செய்யாது விடுதலே நன்று, செய்தால் நோயாளி விரைவில் இறப்பான் என்ற கருத்து ஹிப்போகிறேற்றசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியிலேயே காணப்படுகிறது. அக்காலச் சத்திரசிகிச்சையின் நிலையை நோக்குமிடத்து அது அறிவுடைய ஆலோசனையே எனலாம்.

நோயின் இருப்பிடம் நீர்மத்திலிருந்து உறுப்புக்கு இடம்மாறியது 18ஆம் நூற்றாண்டிலாகும். இத்தாலியின் பதுவா நகரப் பேராசிரியர் மோர்காக்னி ஏறத்தாழ 700 பிரேத பரிசோதனைகளின் விவரங்களைத் திரட்டி, உயிரோடிருந்தபோது நோயாளி கூறிய குறைகளையும் இறந்தபின் உறுப்பிற் கண்ட மாற்றங்களையும் ஒப்பிட்டு, 1761இல் தமது பெருநூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 79. பாரிஸ் நகரில் பிஷா என்னும் இளைஞர் இன்னொரு படி கீழிறங்கினார். உறுப்புகள் வேறாயினும் அவற்றை ஆக்கும் இழையங்கள் பொதுவானவை என்று கண்டு 21 இழையங்களை 1801இல் அவர் வரிசைப்படுத்தினார். நுணுக்குக்காட்டியை நம்பாது, வெட்டியும் அவித்தும் உலர்த்தியும் அமிலத்தில் இட்டும் அவர் இழையங்களை வேறுபடுத்தினார் என்பது வியப்புக்குரியது. முப்பது வயதிலேயே அவர் இறந்துபோனார்.

பிஷாவின் இழையக் கொள்கையிலிருந்தே நாம் இன்று அறியும் கழலைப் பாகுபாடு பிறந்தது. உடலில் இயல்பாக உள்ள இழையத்தை ஒத்த கழலைகள், எதனையும் ஒவ்வாத கழலைகள் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெனெக் பிரித்தார். மார்பொலி கேட்கும் குழாயைக் கண்டுபிடித்தவரும் அவரே. கொழுப்பை ஒத்த கட்டி கொழுப்புக் கட்டி. எலும்பை ஒத்தது எலும்புக் கட்டி. எதனையும் ஒவ்வாதது அஞ்சத்தக்கது. தாய் இழையத்தை எவ்வளவுக்கு ஒத்திருக்கிறதோ அவ்வளவுக்குக் கழலை சாதுவானது, எவ்வளவுக்கு விலகுகிறதோ அவ்வளவுக்குக் கொடியது என்று இன்று நோயியலாளர் கூறுவதன் வித்து இங்கேதான் உள்ளது.

1830களில் நிறப்பிறழ்ச்சி நீக்கிய வில்லைகள் கொண்ட நுணுக்குக்காட்டிகள் கிடைக்கலாயின. பேர்லினில் யொகான்னஸ் மியூலர் அவற்றினூடே கழலைகளை நோக்கி, அவையும் கலங்களால் ஆனவையே என்று 1838இல் எழுதினார். அவருடைய உதவியாளர் சுவான் மறுவருடம் விலங்குடல் முழுவதும் கலங்களால் ஆனதென்று நிறுவினார். ஆயினும் அக்கலங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் பழைய நீர்மக் கொள்கையின் நிழல் நீங்கவில்லை. நாளங்களிலிருந்து கசியும் உருவற்ற நீர்மத்தில், பாகிற் படிகம் விளைவதுபோல, கலங்கள் விளைகின்றன என்று சுவானும் கருதினார். கரும்பித்தம் வேறு பெயரில் உயிர்வாழ்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அதனை ஒழித்த பெருமை மியூலரின் மாணவரான றூடோல்வ் விர்க்கோவுக்கு உரியது. 1821இற் பிறந்து 1902இல் மறைந்த இவர் மருத்துவர் மட்டுமல்லர். 1848இல் மேற்சிலேசியாவிற் பரவிய தைபசுக் காய்ச்சலை ஆராயச் சென்று, அந்நோய்க்கு மருந்து கல்வியும் சுதந்திரமும் செழிப்புமே என்னுங் கருத்துப்பட அறிக்கை எழுதியவர். அவ்வாண்டுப் புரட்சியிற் பங்கு கொண்டவர். பின்னர்ப் பாராளுமன்றத்தில் பிஸ்மார்க்கின் வன்மையான எதிரியாக விளங்கியவர். கலங்கள் கலங்களிலிருந்தே தோன்றுகின்றன என்னும் கொள்கையை, றீமக் என்பார் முன்னரே கண்டறிந்திருந்த உண்மைகளின் துணையோடு, 1858இல் வெளிவந்த தமது கல நோயியல் நூலில் அவர் நிலைநாட்டினார். உடல் என்பது கலங்களாகிய குடிமக்கள் வாழும் ஒரு நாடு என்பது அவர் விரும்பிய உவமை. நோயென்பது வெளியிலிருந்து புகுந்த பூதமன்று. குடிமக்களின் வாழ்க்கையே கோணிப்போதல். அரசியலும் உயிரியலும் ஒருவருடைய சிந்தனையில் இவ்வளவு இறுகப் பிணைந்திருந்தமைக்கு வேறு எடுத்துக்காட்டுக் காண்பது அரிது.

இக்கொள்கையின்படி ஒவ்வொரு கழலைக்கும் ஒரு தாய்க்கலம் இருத்தல் வேண்டும். ஆகவே கழலைகளைத் தாயின் பெயரால் வகுத்தல் இயலும். இன்று வழங்கும் பெயரீடு இவ்வடிப்படையில் எழுந்ததே. தீங்கற்ற கழலையாயின் தாயிழையத்தின் பெயரோடு ‘ஓமா’ என்னும் விகுதி சேரும். கொழுப்பிழையத்தில் தோன்றுவது லிப்போமா, சுரப்பியில் தோன்றுவது அடினோமா. கொடியதாயின், தோலையும் குழாய்களின் உட்புறத்தையும் போர்த்தும் மேலணியில் தோன்றுவது காசினோமா. எலும்பு, தசை, கொழுப்பு, தொடுப்பிழையம் ஆகியவற்றில் தோன்றுவது சாக்கோமா. தீங்கற்ற கழலை பெரும்பாலும் உறையொன்றினுள் அடங்கி, அயலிழையத்தைத் தள்ளி வளரும். கொடியது அயலிழையத்தைத் துளைத்துப் புகும். நிணநீர் வழியாகவும் குருதி வழியாகவும் சென்று தொலைவிலுள்ள உறுப்பிற் குடியேறும். ஆனால் பெயரீட்டை விதியாக நம்புபவன் ஏமாறுவான். மெலனோமா, லிம்போமா என்பன சாதுவான விகுதி தாங்கிய கொடிய நோய்கள். இவற்றைத் திருத்தாமல் விட்டது ஏன் என்று வினவுவோர், நம்மூர் இடப்பெயர்களை எண்ணிப் பார்க்கலாம். குளம் தூர்ந்து பல தலைமுறை கழிந்தும் ஊர்ப்பெயரின் ஈற்றிற் குளம் நிற்கிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல் பொறுத்தருளத்தக்கது. பேர்லினில் விர்க்கோ கலக் கொள்கையை வளர்த்துக்கொண்டிருந்த அதே பதிற்றாண்டுகளில், 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தும், உடற்கூறு, சத்திரவைத்தியம், பிள்ளைப்பேறு முதலியன பற்றிய ஆங்கில நூல்களைத் தமிழாக்கியும் வந்தார். கலம், இழையம், மேலணி என்று இக்கட்டுரை தயக்கமின்றி எழுதக்கூடியதாக இருப்பது, நமது மொழியில் இத்தகைய முயற்சிகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இடையிட்டேனும் நிகழ்ந்தமையாலேயே.

இனி விர்க்கோவின் பிழைக்கு வருவோம். கழலைகளைப் பற்றிய அவரது பெருநூல் 1863 முதல் 1867 வரை வெளிவந்தது. அதன் மூன்றாந் தொகுதி முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறாத பகுதியிலேயே காசினோமா இடம்பெற வேண்டியிருந்தது. கழலையியலின் தந்தை என்று கொண்டாடப்படுபவர் மிக முக்கியமான கழலையைப் பற்றிய இயலை எழுதாமலே விட்டார். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. காசினோமா தொடுப்பிழையக் கலங்களிலிருந்து பிறக்கிறது என்பது அவரது உறுதியான கருத்து. எக்கலமாகவும் மாறவல்ல பொதுக்கலங்கள் தொடுப்பிழையத்தில் உள்ளன என்று அவர் நம்பினார். ஆனால் 1865இல் தியர்ஷ் என்பவர் தோற்புற்றுகளை அடுக்கடுக்காகச் சீவி நோக்கி, அவை தோலின் மேலணியிலிருந்தே கீழிறங்குகின்றன என்று காட்டினார். 1867இலும் 1872இலும் வால்டயர் ஏனைய உறுப்புகளுக்கும் இதனை விரித்துரைத்தார். மேலணியில் எழும் கலங்கள் எல்லையைத் துளைத்து உட்செல்கின்றன, அவற்றுட் சில பிரிந்து நிணநீரிலும் குருதியிலும் மிதந்து சென்று வேரூன்றுகின்றன என்னும் இன்றைய விளக்கம் பெரும்பாலும் வால்டயருடையதே. கலத்தின் கருவிலுள்ள நிறமேற்கும் இழைகளுக்கு 1888இல் ‘குறோமொசோம்’ என்று பெயரிட்டவரும் இவரே. நாம் நிறமூர்த்தம் என்கிறோம். இப்பெயர் மீண்டும் வரும்.

அதே 1888ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் வேறொரு காரணத்தாலும் நினைவுகூரப்படுகிறது. ஜேர்மனியின் பட்டத்திளவரசர் பிரெடரிக்குக்கு 1887 ஜனவரியிற் குரல் கம்மத் தொடங்கியது. இவர் விக்டோரியா மகாராணியின் மருமகன். பிஸ்மார்க்கின் ஆட்சிமுறையை வெறுத்த தாராண்மைவாதிகள் தங்கள் நம்பிக்கை முழுவதையும் இவர்மீதே வைத்திருந்தனர். இடது குரல்நாணிற் சிறு முளையொன்று காணப்பட்டது. பேராசிரியர் கேர்காட் அதனைச் சூடேற்றிய கம்பியாற் பலமுறை சுட்டார். அது மீண்டும் வளர்ந்தது. இது புற்று, குரல்வளையைப் பிளந்து அகற்ற வேண்டும் என்று மே மாதத்தில் சத்திரவைத்தியர் பேர்க்மன் முதலானோர் முடிவுசெய்தனர். 21ஆம் திகதி சத்திரசிகிச்சை நிகழவிருந்தது. முதல்நாள் இலண்டனிலிருந்து வந்து சேர்ந்த தொண்டை மருத்துவர் மொரெல் மக்கென்சி, இழையத்தை நுணுக்குக்காட்டியிற் பாராது வெட்டலாகாது என்று வற்புறுத்தி, சிறு துணுக்கொன்றைக் கிள்ளி எடுத்து விர்க்கோவுக்கு அனுப்பினார்.

புற்று இல்லை என்று விர்க்கோ அறிக்கை கொடுத்தார். அடுத்தடுத்து அனுப்பிய துணுக்குகளிலும் அவர் கண்டது மேலணி தடித்து மருவைப்போல் எழுந்த நிலையையே. சத்திரசிகிச்சை கைவிடப்பட்டது. செப்டெம்பரில் மக்கென்சிக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. நவம்பரில் இத்தாலியின் சான் றேமோவில் இளவரசரைப் பார்த்த மருத்துவர்கள் அனைவரும் புற்று என்பதில் ஒருமனப்பட்டனர். 1888 பெப்ரவரி 9ஆம் திகதி மூச்சுவிடுவதற்காகக் குரல்வளையின் கீழ்த் துளையிட நேர்ந்தது. மார்ச் 9ஆம் திகதி தந்தை இறக்க, பேசும் சக்தியற்ற பிரெடரிக் பேரரசரானார். 99 நாள் ஆண்டு ஜூன் 15ஆம் திகதி இறந்தார். பிரேத பரிசோதனையில் விர்க்கோவும் உடனிருந்தார். குரல்வளை புற்றினால் அழிந்திருந்தது.

இந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதியோரிற் பலர் விர்க்கோவைக் குற்றக் கூண்டில் ஏற்றியுள்ளனர். பிரெடரிக் வாழ்ந்திருந்தால் அவர் மகன் இரண்டாம் வில்ஹெல்ம் 1888இல் அரியணை ஏறியிருக்கமாட்டான், 1914ஆம் ஆண்டுப் போரும் வந்திராது என்று கூறுவோரும் உளர். ஒரு துணுக்கு இழையத்தில் உலகப்போரைத் தொங்கவிடும் இவ்வகை வாதம் சுவையானது, ஆனால் வரலாறாகாது. சத்திரசிகிச்சை நிகழ்ந்திருப்பினும் அவர் பிழைத்திருப்பார் என்பதற்கு அக்காலத்தில் எவ்வித உறுதியுமில்லை. அத்துடன், கிடைத்த துணுக்குகளைக் கொண்டு நோய் முழுவதைப் பற்றியும் முடிவுகூற இயலாது என்று விர்க்கோ தமது அறிக்கையிலேயே குறித்திருந்தார். அந்த எச்சரிக்கையை எவரும் கேட்க விரும்பவில்லை. நல்ல செய்தியை மட்டும் அரண்மனை எடுத்துக்கொண்டது.

எனது நோக்கிற் கேட்கவேண்டிய வினா வேறு. உலகின் தலைசிறந்த நோயியலாளர் கண்ணால் கண்டும் காணாது விட்டது எவ்வாறு? துணுக்குகள் மேற்பரப்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது ஒரு விடை. அது போதுமான விடையாக எனக்குப் படவில்லை. 1948இல் அமெரிக்க நோயியலாளர் அக்கர்மன் புற்று வகையொன்றை விவரித்தார். மருவைப்போல மேலெழுந்து வளரும்; கலங்கள் இயல்பான மேலணிக் கலங்களையே பெரிதும் ஒத்திருக்கும்; மேலே கிள்ளியெடுத்த துணுக்கிற் கொடுமையின் அடையாளம் எதுவும் தோன்றாது; அடிப்பகுதியில் அகன்ற நுனிகளோடு அயலிழையத்தை அழுத்திப் புகுவதை ஆழமாக வெட்டினாலன்றிக் காணமுடியாது. இதனை மருவுருக் காசினோமா எனலாம். பிரெடரிக்கின் நோய் இவ்வகையையோ இதன் கலப்பினத்தையோ சார்ந்தது என்று பிற்கால நோயியலாளர் சிலர் கருதுகின்றனர். இக்கருத்துச் சரியாயின், விர்க்கோ தம்முன் இருந்ததைச் சரியாகவே பார்த்தார். அதனை வைப்பதற்குரிய அறை அவருடைய பாகுபாட்டில் இருக்கவில்லை. அவருக்குத் தெரிந்த அறைகள் இரண்டு: தாயிழையத்தை ஒத்தது, ஒவ்வாதது. ஒத்திருந்தும் கொல்லக்கூடிய ஒன்று மூன்றாவதாக உண்டு என்று வகுக்க இன்னும் அறுபது ஆண்டு சென்றது.

அக்கர்மன் கண்ட புற்று புகையிலை மெல்லுவோரின் வாயிற் காணப்பட்டதாகும். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் வழக்கமுள்ள இலங்கையில் வாய்ப்புற்று ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுகளுள் ஒன்று என்பது நாமறிந்ததே. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்குத் தானும், புற்றை உண்டாக்குவன என்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் முடிவுசெய்தது. நம்முடைய பாட்டிமாரின் கன்னத்தில் மெல்ல வளரும் வெண்ணிற மருவொன்றைக் கிள்ளிப் பார்க்கும் நோயியலாளர் இன்று ஆழமான துணுக்கைக் கேட்கிறாரென்றால், அக்கேள்வியின் பின்னால் இந்த வரலாறு முழுவதும் நிற்கிறது.

ஒரே உறுப்பில், ஒரே இழையத்தில் தோன்றினாலும் எல்லாக் கழலைகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கவனத்தைப் பெற்றது. உதட்டுப் புற்றுகளின் கலங்கள் தாயிழையத்திலிருந்து எவ்வளவுக்கு விலகியுள்ளன என்பதைக் கொண்டு 1920இல் புறோடர்ஸ் அவற்றை நான்கு தரங்களாக்கினார். நோய் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பது வேறு கேள்வி. கழலையின் பருமன், அயல் நிணநீர்க் கணுக்கள், தொலைவிற் பரவல் என்னும் மூன்றையும் எழுத்தும் எண்ணுமாகக் குறிக்கும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் தெனுவா 1943க்கும் 1952க்கும் இடையில் வகுத்தார். தரமும் நிலையும் இரண்டு வேறு அளவைகள் என்பதை இன்றும் நோயாளரின் உறவினர் பலர் மயங்கிக் கேட்பதுண்டு. முதலாவது கழலையின் குணம், இரண்டாவது அது நடந்த தூரம்.

பாகுபாடு கண்ணை மறைப்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு உகண்டாவிற் கிடைக்கிறது. கம்பாலாவின் முலாகோ வைத்தியசாலையிற் கடமையாற்றிய சத்திரவைத்தியர் டெனிஸ் பேர்கிற் 1957இல், தாடையின் நான்கு பகுதிகளும் வீங்கிய சிறுவனொருவனைக் கண்டார். பின்னர் வேறொரு வைத்தியசாலையில் அதே வீக்கத்தோடு இன்னொரு குழந்தை. இத்தகைய குழந்தைகளின் வயிற்றிலும் கழலைகள் இருந்தன. அதுவரை தாடைக் கழலை தாடைக்கெனவும், சிறுநீரகத்தது சிறுநீரகத்துக்கெனவும், சூலகத்தது சூலகத்துக்கெனவும் உறுப்புவாரியாக வெவ்வேறு பெயர்களில் எழுதப்பட்டிருந்தன. இவை யாவும் ஒரே நோய் என்று 1958இல் பேர்கிற் எழுதினார். ஈற்றில் அது நிணநீர்க் கலங்களின் கழலையென்று நோயியலாளர் கண்டனர். நுணுக்குக்காட்டி காட்டாத ஒற்றுமையைத் தேசப்படம் காட்டியது. 1961இல் நண்பர் இருவரோடு பழைய மோட்டார் வண்டியொன்றில் ஏறக்குறைய 10,000 மைல் பயணஞ்செய்து, வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களிலேயே இந்நோய் காணப்படுகிறதென்று அவர் வரைந்தார். அவருடைய விரிவுரையைக் கேட்ட எப்ஸ்ரைனும் அவர்தம் துணைவரும் 1964இல் அக்கழலைக் கலங்களில் வைரசு ஒன்றைக் கண்டனர். மனிதப் புற்றோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரசு அதுவே.

நாட்டுக்கு நாடு, ஏன் வைத்தியசாலைக்கு வைத்தியசாலை, பெயர்கள் வேறுபட்டமையால் ஒப்பீடு இயலாதிருந்தது. உலக சுகாதார தாபனம் கழலைகளுக்கான பொதுப் பாகுபாட்டு நூல்வரிசையை 1967இல், சுவாசப்பைக் கழலைகளோடு தொடங்கியது. 1976இல் வெளிவந்த குறியீட்டு நூலில் ஒவ்வொரு கழலைக்கும் ஓர் எண் கிடைத்தது. அவ்வெண்ணின் இறுதி இலக்கம் அதன் குணத்தைச் சுட்டும்: 0 என்றால் தீங்கற்றது, 1 என்றால் துணிந்துகூற இயலாதது, 2 என்றால் தோன்றிய எல்லைக்குள் நிற்பது, 3 என்றால் கொடியது. நிணநீர்க் கழலைகளில் மட்டும் உடன்பாடு எளிதில் எட்டப்படவில்லை. 1970களில் றப்பபோட், லூக்ஸ், லெனெற் எனப் பலருடைய பாகுபாடுகள் ஒரேவேளை வழக்கிலிருந்தன. சமரசம் காணமுடியாத நிலையில் 1982இல் உருவாக்கப்பட்டது ஒரு மொழிபெயர்ப்பு ஏற்பாடே. ஒரு பாகுபாட்டின் பெயரை இன்னொன்றின் பெயருக்குப் பெயர்த்துரைப்பது அதன் பணி. பொது உடன்பாடு 1994இலேயே உருவாகி 2001இல் உலக சுகாதார தாபனத்தின் நூலில் இடம்பெற்றது.

வால்டயர் பெயரிட்ட நிறமூர்த்தம் இங்கு மீண்டும் வருகிறது. 1960இல் பிலடெல்பியாவில் நோவெலும் ஹங்கபோட்டும் நீடித்த குருதிப்புற்று வகையொன்றின் கலங்களில் இயல்பற்ற சிறு நிறமூர்த்தமொன்றைக் கண்டனர். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டுகளைத் தம்முள் மாற்றிக்கொண்டதன் விளைவு அது என்று 1973இல் ஜனற் றௌலி நிறுவினார். அம்மாற்றத்தால் உண்டாகும் பிழையான புரதத்தைத் தடுக்கும் இமற்றினிப் என்னும் மருந்து 2001இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. சில ஆண்டுகளிற் கொன்ற நோய், நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு பல ஆண்டு வாழக்கூடிய நோயாயிற்று. கலத்தின் தோற்றத்தால் வகுத்த வரைக்கும் இம்மருந்தை எவரும் தேடியிருக்க முடியாது. இன்று மூளைக் கழலைகளின் பாகுபாட்டிலும் பரம்பரையலகின் விகாரமே முதன்மை பெறுகிறது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் அது வரைவிலக்கணத்தினுள் புகுந்தது. 2021ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, நுணுக்குக்காட்டியிற் சாதுவாகத் தோன்றும் கழலையும் உரிய பரம்பரையலகு மாற்றங்களைக் கொண்டிருப்பின் மிகக் கொடிய வகுப்பில் வைக்கப்படலாம். பிரெடரிக்கின் குரல்வளையில் விர்க்கோ எதிர்கொண்ட முரண்பாட்டின் இன்றைய வடிவம் இது.

எதிர்த்திசையிலும் எல்லை நகர்ந்துள்ளது. தைரொயிட்டுச் சுரப்பியில், உறையினுள் முற்றாக அடங்கி எங்கும் துளைத்துப் புகாத ஒருவகைக் கழலை, அதன் கலக்கருக்களின் தோற்றம் காரணமாக, நெடுங்காலம் காசினோமா என்றே எழுதப்பட்டுவந்தது. அப்பெயரைப் பெற்றவர்களிற் பலருக்குச் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டது; கதிர்த்தொழிற்பாட்டு அயடீன் கொடுக்கப்பட்டது. ஏழு நாடுகளைச் சேர்ந்த 24 நோயியலாளர் அடங்கிய குழு, இத்தகைய கழலை இருந்த 109 பேரின் நிலையை 10 முதல் 26 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து நோக்கியபோது ஒருவரிலேனும் நோய் எஞ்சியிருக்கவில்லை. 2016இல் அக்கழலையின் பெயரிலிருந்து காசினோமா என்ற சொல் நீக்கப்பட்டது. மறுவருடம் வெளிவந்த உலக சுகாதார தாபனத்தின் நூலில் அதன் குறியீட்டெண்ணின் ஈற்றில் 3க்குப் பதிலாக 1 அச்சிடப்பட்டது. அதற்கு முன்னர் சுரப்பியை இழந்தோர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு வருகின்றனர்.